புள்ளலூர்க் குண்டுகளும் ஒரு சரிகைத் தராசும்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், வயல்களுக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்பவருக்கு. மற்றது லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. இருவரும் 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஐதர் அலியின் படைக்கும் சர் அயர் கூட்டின் படைக்கும் இடையே நடந்த சண்டையில் மாண்டவர்கள். அதற்கு ஓராண்டு முன்னர், 1780 செப்டம்பர் 10 அன்று, இதே நிலத்தில் கர்னல் வில்லியம் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. அந்த முதல் சண்டையில் இறந்தவர்களுக்குப் புள்ளலூரில் தூண் இல்லை. பெய்லிக்கான நினைவிடம்கூட ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் இருக்கிறது. அவர் 1782இல் சிறையிலேயே இறந்தார். உறவினர் ஒருவர் பிற்பாடு அதை எழுப்பினார்.

பெய்லியின் படையில், காஞ்சியிலிருந்து வந்து சேர்ந்த பிளெட்சரின் பிரிவையும் கூட்டினால், ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். ஐரோப்பியர் சில நூறு பேரே. மற்றவர்கள் சிப்பாய்கள், நம் ஊர்ப்பக்கத்துத் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்களோடு வண்டிமாடு ஓட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், பின்னால் வந்த குடும்பங்கள் என்று ஒரு பெருங்கூட்டம். இவர்களில் எவருடைய பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் நின்ற நிலத்தில் அவர்களுடையதாக ஏதேனும் மிஞ்சியிருக்குமானால் அது ஈயமாகத்தான் இருக்கும். இரும்பு துருத்துப்போகும், மரமும் தோலும் மக்கிப்போகும், ஈயம் வெள்ளைப் போர்வை ஒன்றைப் போர்த்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அப்படிக் கிடந்தவற்றில் சிலவற்றைத் தென்னேரியில் ஒரு பெரியவர் பித்தளைச் செம்பு ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார் என்ற செய்தி எங்களுக்கு வந்தது. நாங்கள் மூவர். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் காஞ்சியில் பட்டுத்தறி வைத்திருப்பவர், இன்னொருவர் ஓய்வு பெற்ற நிலஅளவையர். மாதம் ஒருமுறை கூடிப் பழைய சிற்றிதழ்களை வாசிப்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவான தகுதி எதுவுமில்லை. படைக்கலன்களில் எவரும் தேர்ந்தவரும் அல்லர். ஆனாலும் ஒரு கோடை நாளில் வாலாஜாபாத் வழியாகத் தென்னேரிக்குப் போனோம்.

தென்னேரியை ஊர் என்பதைவிட ஏரி என்பதே பொருந்தும். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று அது. திரையன் ஏரி என்பதே மருவித் தென்னேரி ஆயிற்று என்பார்கள். தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துச் சொல்வார்கள். நாங்கள் போனபோது நீர் வற்றி, நடுவில் மட்டும் ஒரு பாய் விரித்தாற்போலத் தேங்கியிருந்தது. ஓரத்தில் வெடித்த சேற்றில் மாடுகள் மேய்ந்தன. பெரியவரின் வீடு கரைக்குக் கீழே இருக்கிறது. அவருடைய தாய்வழி ஊர் புள்ளலூர். அங்கே அவருடைய பாட்டனாருக்கு இருந்த கழனிகளில் ஏர் ஓட்டும்போது கிடைத்த குண்டுகளை அவருடைய தாய் முந்தானையில் முடிந்துவந்து சேர்த்திருக்கிறார். அதே செம்பில் பிற்பாடு ஏரியில் கிடைத்தவற்றையும் போட்டு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக் கோலிகளைப் போல எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன.

"பெய்லி தொரையோட மருந்து வண்டி வெடிச்சிதே, அதுல எங்க பாட்டனுக்குப் பாட்டன் மாடு ஓட்டினாராம். அங்கியே செத்துட்டாராம். எங்க அம்மா சொல்லும். இதெல்லாம் அந்தக் குண்டுதானான்னு நீங்க பாத்துச் சொல்லணும் தம்பி" என்றார்.

மருந்து வண்டி வெடித்த கதை புனைவு அன்று. செப்டம்பர் 10 காலையில், ஐதரும் திப்புவும் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தபோது, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தது என்றும் மைசூர் வாணம் பட்டு வெடித்தது என்றும் இருவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் மாபெரும் ஓவியம் இருக்கிறது. நடுவில் பல்லக்கில் பெய்லி, பக்கத்தில் வெடிக்கும் வண்டி. அந்த ஓவியத்தின் பழைய காகிதப் படி ஒன்று 2022இல் லண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போனது. அந்தச் சுவரில் வண்டி இருக்கிறது. வண்டி ஓட்டியவன் எவன் என்று கேட்கத் தென்னேரியில் ஒருவர் இருக்கிறார் என்பதை ஏலத்தில் எடுத்தவர் அறிந்திருக்க வழியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று சர் ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சியில் இருந்தார். சில மணி நேர நடைத் தொலைவு. அவர் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. பெய்லி தோற்ற செய்தி உறுதியானதும், தம்முடைய கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். எங்கள் தறிக்கார நண்பர் இதை முதன்முறை கேட்டபோது எந்தக் குளம், எந்தக் குளம் என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

செம்பைத் திண்ணையில் கவிழ்த்தபோது 13 உருப்படிகள் இருந்தன. கவிழ்க்கும்முன் ஒரு பழைய வேட்டியை விரிக்கச் சொன்னோம். ஈயத்தின் மேல் படிந்த வெள்ளைப் பொடி ஈயத்தின் கரிமச் சேர்மம், நஞ்சு. பெரியவரின் பேத்தி, பத்தாம் வகுப்புப் படிக்கிறவள், அதைக் கையில் உருட்டிக்கொண்டே முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். முதல் வேலையாக அவளைச் சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தோம். "அதுக்கே இம்மாம் பெரிய வாத்தியாருங்க வேணுமா" என்று வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து கேட்டார்.

வெள்ளைப் படலத்தைச் சுரண்டுவதோ, புளி போட்டுத் தேய்ப்பதோ கூடாது. அந்தப் படலமே ஈயத்தை மேற்கொண்டு அரிக்காமல் காப்பது. குண்டு மண்ணில் நெடுங்காலம் கிடந்தது என்பதற்கும் அதுவே சான்று. வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் பொருந்திய தழும்பு, ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய வடு ஆகியவை அந்தப் படலத்தின் கீழேயே தெரியும். விளக்கிப் பளபளப்பாக்கிய குண்டு ஏறக்குறைய ஊமை. பழம்பொருள் விற்கிறவர்கள் விளக்கி வைக்கிறார்கள், வாங்குகிறவனுக்கு அதுதான் பிடிக்கும் என்று.

முதல் சோதனை காந்தம். இரண்டு உருப்படிகள் ஒட்டிக்கொண்டன. ஒன்று பிசிறில்லாத வழுவழுப்பான எஃகு உருண்டை; டிராக்டரிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ விழுந்த பேரிங் குண்டு. அதைப் பெரியவரே சிரித்துக்கொண்டு ஒதுக்கினார். மற்றது துருவேறிய, கோணல்மாணலான இரும்பு. 25 மில்லிமீட்டர் குறுக்களவு. பீரங்கிவாயில் தகரக் குப்பியில் அடைத்துச் சிதறவிடும் குண்டுகள் இந்த அளவில் உண்டு. நாட்டுத் துப்பாக்கிகளுக்கு இரும்பைத் தட்டி உருட்டிப் போடுகிற வழக்கமும் இருந்தது. அதை இரும்பு என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாவதாக ஒதுங்கியது நடுவில் துளையிட்ட ஈயக்கட்டி. பார்த்ததுமே தெரிந்தது, வீச்சுவலையின் விளிம்பில் கோக்கிற ஈயம். ஏரி இருக்கிற ஊரில் ஈயம் என்றாலே வலைதான். இதில் நமக்கு ஓர் இழப்பும் ஒளிந்திருக்கிறது. வயலில் கிடைத்த குண்டை மக்கள் எப்போதும் செம்பில் போட்டு வைப்பதில்லை. உருக்கி வலைக்கு ஈயமாக்குவார்கள். எத்தனை சிப்பாய்களின் குண்டுகள் எத்தனை கெண்டைகளையும் விராலையும் சேற்றோடு அமிழ்த்திப் பிடித்தனவோ! அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. குண்டுக்கு அதைவிட நல்ல மறுபிறப்பு கிடையாது.

எஞ்சியவை பத்து, எல்லாம் காரீயம். எடை பார்க்க வேண்டும். இங்கேதான் தறிக்கார நண்பரின் உதவி. பட்டுச்சேலைக்குச் சரிகை எடைபோட்டு வாங்குவது வழக்கம். ஒரு மார்க் என்பது ஏறத்தாழ 240 கிராம். தங்கமும் வெள்ளியும் கலந்த இழை என்பதால் கிராமின் நூறில் ஒரு பங்குவரை காட்டும் தராசு நெசவாளர் வீடுகளில் இருக்கும். நண்பர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சரிகைக்கான தட்டில் ஈயத்தை வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை; ஒரு வாழையிலைத் துண்டை இட்டு, அதன் எடையைக் கழித்துக்கொண்டார்.

குண்டின் எடையும் குறுக்களவும் எதைச் சொல்லும் என்பதைச் சற்று விரித்துச் சொல்லலாம். அந்தக் காலத்து ஆங்கிலேயர் படைத் துப்பாக்கி, பிரௌன் பெஸ் என்று செல்லப்பெயர் கொண்டது. அதன் குழல் துளை முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். ஆனால் அதற்கான குண்டு 17.5 மில்லிமீட்டர்தான். இந்த இடைவெளி கவனக்குறைவன்று. கரிமருந்து ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் குழலுக்குள் கசடு படியும்; குண்டு துளைக்கு ஒப்ப இருந்தால் நாலைந்து முறை சுட்டபின் உள்ளே இறங்காது. குழல்வாய் வழியே திணித்துத்தான் சுட வேண்டும் என்பதால் குறி தவறினாலும் பரவாயில்லை, வேகமாகத் திணிக்க வேண்டும் என்பதே கணக்கு. மருந்தையும் குண்டையும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டியது தோட்டா. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்து மருந்தைக் கொட்டுவான். இன்று நாம் குண்டையே தோட்டா என்கிறோம். 1780இல் தோட்டா என்பது காகிதச் சுருள்தான். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்தார்களே, அந்தக் கடி இங்கிருந்து வருவது.

17.5 மில்லிமீட்டர் காரீய உருண்டை 31 முதல் 32 கிராம் இருக்கும். பிரெஞ்சுப் படைத் துப்பாக்கியின் துளையே 17.5 மில்லிமீட்டர், எனவே அதன் குண்டு இன்னும் சிறியது, ஏறத்தாழ 25 கிராம். இந்த ஆறேழு கிராம் வித்தியாசத்தில்தான் இரண்டு பேரரசுகளின் பட்டறைகளும் பிரிகின்றன.

பெரியவரின் உருண்டைக் குண்டுகள் எட்டு. ஐந்து 30க்கும் 32க்கும் இடையில்; மூன்று 25ஐ ஒட்டி. தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும்போது பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிவதை முதலில் கண்டவள் அவள்தான்.

"அப்ப அஞ்சு வெள்ளக்காரன் சுட்டது, மூணு ஐதரு சுட்டது" என்றார் பெரியவர்.

அப்படிச் சொல்லிவிடக் கூடுமானால் எவ்வளவு எளிது. ஐதரின் படையில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள், பிரெஞ்சுத் துப்பாக்கிகளும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அதே படையில் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கிகளும், மைசூரிலேயே செய்தவையும், நாட்டுத் திரித்துப்பாக்கிகளும் இருந்தன. எடை துப்பாக்கியைச் சொல்லும். ஏந்திய கையைச் சொல்லாது. போதாக்குறைக்கு ஓராண்டு இடைவெளியில் அதே நிலத்தில் இரண்டு சண்டைகள். 1781இல் கூட்டின் படை அங்கே வந்தபோது முந்தைய ஆண்டு மாண்டவர்களின் எலும்புகள் புதைபடாமல் கிடந்ததைக் கண்டார்கள். வென்ற இடம் என்பதால் ஐதர் அந்த இடத்தையே மீண்டும் தேர்ந்தார் என்பார்கள். ஒரு குண்டு 1780ஐச் சேர்ந்ததா 1781ஐச் சேர்ந்ததா என்று ஈயம் சொல்லவே சொல்லாது.

ஆனால் எட்டும் சுடப்படாதவை என்று சொல்ல முடிந்தது. வார்ப்புத் தழும்பு அழியாமல் இருந்தது, உருண்டை நசுங்கவில்லை. சுடப்பட்ட குண்டு குழலின் சுவரில் மோதியே ஓரம் சிறிது தட்டையாகும். எதிலாவது பட்டால் உருக்குலையும். இவை பையிலிருந்து விழுந்தவை, அல்லது நடுங்கும் கையிலிருந்து நழுவியவை. நின்றவன் இறந்தபின் அவன் இடுப்புப் பை கிழிந்து சிதறியவையாகவும் இருக்கலாம். சுடாத குண்டைக் காட்டிலும் அதிகமாக மனிதனைச் சொல்லும் குண்டு இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது. சுட்ட குண்டு எங்கேயோ போய் விழுந்தது. சுடாத குண்டு விழுந்த இடத்தில் ஒருவன் நின்றிருந்தான்.

ஒன்பதாவது நசுங்கியது. அப்பளத்தை வளைத்தாற்போல ஒருபுறம் பரந்து மறுபுறம் குழிந்திருந்தது. குறுக்களவை எப்படி அளப்பது? அமெரிக்காவில் மான்மவுத் போர்க்களத்தை ஆராய்ந்த டான் சிவிலிச் இதற்கொரு வழி செய்து வைத்திருக்கிறார். அந்தப் போர் நடந்தது 1778இல், புள்ளலூருக்கு இரண்டே ஆண்டுகள் முன். ஆங்கிலேயரின் துப்பாக்கியும் அதே வகை. குண்டு எவ்வளவு நசுங்கினாலும் எடை குறைவதில்லை என்பதே அவருடைய அடிப்படை. எடையைக் கிராமில் எடுத்து, அதன் கனமூலத்தை 5.67ஆல் பெருக்கினால் நசுங்குமுன் இருந்த குறுக்களவு மில்லிமீட்டரில் கிடைக்கும். எங்களுடையது 30.4 கிராம். கனமூலம் 3.12; பெருக்கினால் 17.7. ஆக, பெரிய துப்பாக்கியின் குண்டு, எதிலோ பலமாகப் பட்டது. கணக்கை ஆசிரியர் போட, பேத்தி சரிபார்த்தாள். பள்ளியில் கனமூலத்துக்கு இப்படி ஒரு பயன் இருப்பதாக எவரும் சொல்லவில்லை என்று குறைப்பட்டாள்.

இதே சிவிலிச்சின் ஆராய்ச்சியில் எங்களைக் கவர்ந்த இன்னொன்று, பல்தடம் பதிந்த குண்டுகள். காயம்பட்ட வீரனுக்கு அறுவை செய்யும்போது வலி பொறுக்கக் குண்டைக் கடிக்கக் கொடுப்பார்கள் என்பது மேல்நாட்டில் நெடுங்காலம் நிலவிய கதை. கடிபட்ட குண்டுகளை அதற்குச் சான்றாக வைத்திருந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அந்தத் தடங்களில் பெரும்பாலானவை பன்றிகளுடையவை! கிளறித் தின்னும்போது வாயில் அகப்பட்டதைக் கடித்துத் துப்பியிருக்கின்றன. வீரகாவியம் எத்தனை எளிதாகப் பன்றியின் வாயிலிருந்து வந்துவிடுகிறது பாருங்கள்.

நசுங்கியதைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யாரு சுட்டான்னு தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. யாரு மேல பட்டுதுன்னாவது தெரியுமா?" என்று கேட்டார். மரத்தில் பட்டதா, கல்லில் பட்டதா, வண்டிச் சக்கரத்தின் பட்டையில் பட்டதா? எலும்பில் பட்டாலும் ஈயம் சிதையும். நாங்கள் பேசவில்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

பத்தாவதுதான் அவருக்கு உயிர். மற்றவற்றைப்போல் உருண்டையாக இல்லாமல், நுனி குவிந்து, நெட்டையாக, அடிப்பக்கம் குழிவாக, பார்க்கவே மிடுக்காக இருந்தது. அதை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்து நாங்கள் வருகிறோம் என்று செம்பில் இட்டிருந்தார். திப்பு சுல்தானின் துப்பாக்கிக் குண்டு என்று அவருடைய மாமா சொன்னாராம். சென்னையிலிருந்து கருவியோடு வந்து தரையைத் தடவிப் பழம்பொருள் தேடுகிற ஒருவர் இதற்கு மட்டும் 500 ரூபாயும், மற்றவற்றுக்குத் தலா 200 ரூபாயும் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவரும் திப்புவின் குண்டு என்றே சொன்னாராம்.

எடை 34 கிராம், குறுக்களவு 14 மில்லிமீட்டர், பக்கங்கள் வழுவழுப்பு. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அடியில் குழிவுள்ள கூம்புக் குண்டு பிரெஞ்சுக்காரரான மினியே 1840களின் இறுதியில் பிரபலப்படுத்தியது. சுடும்போது மருந்தின் அழுத்தம் குழிவை விரித்து, குழலின் உட்புறச் சுருள் வரிகளைக் குண்டு பற்றிக்கொள்ளும்; சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. பிரிட்டிஷ் படை 1853இல் ஏற்ற என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குண்டு. பின்னர் 1860களில் வந்த ஸ்னைடரின் குண்டில் சுற்றிலும் பள்ளங்கள் இருக்கும். இதில் பள்ளம் இல்லை. எனவே என்ஃபீல்டு. 1799இல் இறந்த திப்பு இதைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. பெய்லியின் போருக்கும் இதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாசலில் நின்று ஒரு சிறு விவாதம் நடந்தது. எழுபத்தொன்பது வயதில் ஒருவர் சாமிபடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைக் கலைத்து யாருக்கு என்ன லாபம் என்றார் தறிக்காரர். நிலஅளவையர் ஒப்பவில்லை. அவர் கேட்டது தம் பாட்டனைப் பற்றி. பொய்யான குண்டை வைத்துக்கொண்டு உண்மையான பாட்டனைத் தேட முடியாது என்றார். ஆசிரியர் இருவருக்கும் நடுவில் நின்றார், வழக்கம்போல.

சொன்னோம். உருண்டைக் குண்டு ஒன்றையும் கூம்புக் குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்குழிவைக் காட்டி, ஆண்டுகளையும் சொன்னோம். பெரியவர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "இது ஏரியில எடுத்ததுதான் தம்பி. மதகுக்குக் கிழக்கால, நான் எட்டாவது படிக்கச்சொல்ல, தண்ணி வத்தினப்ப நானே எடுத்தேன். மாமாதான் புள்ளலூர்துன்னு சேத்துட்டாரு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் அளந்த எல்லா எண்களையும்விட மதிப்பு அதிகம். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876இல் கஸ்டரின் படை அழிந்தது. 1983இல் அங்கே புல் தீப்பற்றி எரிந்து நிலம் வெளிப்பட்டபின், 1984இல் தொல்லியலாளர்கள் கருவிகளோடு வரிசைவரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு தோட்டாக் கூட்டின் இடத்தையும் வரைபடத்தில் குறித்தார்கள். ஒரே துப்பாக்கியின் ஊசித்தடம் பதிந்த கூடுகள் எங்கெங்கே கிடந்தன என்று கோத்துப் பார்த்து, அந்தத் துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே சொன்னார்கள். இடம் குறிக்காமல் பொறுக்கியிருந்தால் அவை ஒரு கூடை பித்தளை. கருவியோடு வந்து தோண்டி, 200 ரூபாய் கொடுத்து அள்ளிப்போகிறவரிடம் எங்களுக்குள்ள வழக்கு இதுதான். அவர் எடுத்துப்போவது ஈயத்தை, உடைத்துப்போவது இடத்தை.

சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் எவருமில்லை என்றால் எடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும். அரசு எடுத்துக்கொள்வதானால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். நூறாண்டு கடந்த பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பத்து ரூபாய் என்றதும் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். கர்நாடகத்தில் 2018இல் நகரா கோட்டைக் கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் வாணக் குழாய்கள் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்து அருங்காட்சியகத்துக்குப் போனதைச் சொன்னோம். எதுவானாலும் வெடிமருந்து அடைத்த உருப்படி கிடைத்தால் தொடவே கூடாது, காவல் நிலையத்துக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் பேத்தியிடம் இரண்டு முறை சொன்னோம்.

பிற்பகல் முழுவதும் நிலஅளவையரின் வேலை. புள்ளலூர்க் கழனிகளின் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு, எந்தக் கழனியில் எந்தக் குண்டு என்று பெரியவரைக் கேட்டார். பாதிக்கு மேல் அவருக்குத் தெரிந்திருந்தது. கிணற்றுமேட்டுக் கழனியில் மூன்று, புளியமரத்துக் கழனியில் இரண்டு, நசுங்கியது வாய்க்கால் ஓரம். கண்ணை மூடிக்கொண்டு குண்டை விரலால் தடவித் தடவிச் சொன்னார். தழும்பின் நீளத்தை வைத்து அவை அவருக்கு அடையாளம். சிறிய மூன்றும் ஒரே கழனியில் அடுத்தடுத்துக் கிடைத்தவை என்று தெரியவந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றும் ஒரே பையிலிருந்து விழுந்திருக்கலாம். மருந்து வண்டி எங்கே வெடித்தது என்று குடும்பத்தில் சொல்லிவந்த இடத்தையும் படத்தில் ஒரு புள்ளியாக வைத்தார். ஆதாரம் வாய்மொழி என்று அதன் பக்கத்தில் எழுதினார். "வாய்மொழின்னா எங்க அம்மா சொன்னதுன்னே எழுதுங்க" என்றார் பெரியவர். அப்படியே எழுதப்பட்டது.

விற்பதில்லை என்று அவரே முடிவு செய்திருந்தார். ஆட்சியருக்கான மனுவை ஆசிரியர் எழுதினார். படத்தின் படி ஒன்றை அதனோடு இணைத்தார். பேத்தி தபால் உறைகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டை இட்டு, எடையையும் குறுக்களவையும் இடத்தையும் மேலே எழுதினாள். பேரிங் குண்டுக்கும் ஓர் உறை வேண்டும் என்று அடம்பிடித்து அதற்கும் எழுதினாள். கடைசியாகக் கூம்புக் குண்டு. தென்னேரி ஏரி, மதகுக்குக் கிழக்கே, என்ஃபீல்டு, 1853க்குப் பின் என்று எழுதிவிட்டு உறையை ஒட்டப்போனாள். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தி, "கீழ இன்னொரு வரி எழுதும்மா. திப்புவோடது இல்ல, தாத்தா எடுத்தது" என்றார்.